பழைய வீட்டு ஜன்னலைக் கழற்றும் முன்

காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கிறது என் கணவரின் ஐயா கட்டிய வீடு. எங்கள் வழக்கில் ஐயா என்றால் தாத்தா. வீட்டில் மொத்தம் 46 ஜன்னல். அதில் 42 பழையவை, பர்மாத் தேக்கு. மீதி 4 இடத்தில் அலுமினியம் போட்டோம், அதில் ஒன்றைப் போன வருடம்தான் எடுத்தோம். இதை எழுத உட்கார்ந்ததே அந்த 4 ஜன்னலால்தான்.

12 வருடங்களுக்கு முன் நாங்கள் கோயம்புத்தூரில் இருந்தோம். இரண்டாம் கட்டில், அதாவது முதல் முற்றத்துக்குப் பின்னால் உள்ள பகுதியில், மழைத்தண்ணீர் இறங்கி ஜன்னல் மரம் மக்கிவிட்டது என்று வீட்டைப் பார்த்துக்கொண்டவர் போனில் சொன்னார். ஒரு ஒப்பந்தக்காரரைப் பிடித்தோம். "இதைச் சரி பண்றதுல அர்த்தமில்லைங்க, எடுத்துட்டு ஸ்லைடிங் போட்டுடலாம்" என்றார். சரி என்று சொல்லிவிட்டோம். இரண்டே நாளில் வேலை முடிந்தது. பழைய மரத்தைக் கூலியில் கழித்துக்கொண்டு அவரே எடுத்துப் போய்விட்டார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பார்த்தேன். ஜன்னலுக்கு மேலே இருந்த வளைவில் செங்கல் அடைத்துச் சதுரமாக்கியிருந்தார்கள். சுற்றிலும் சிமெண்ட். ஸ்லைடிங் கதவு எந்தப் பக்கம் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். அந்த அறையில் மதியம் பாய் விரித்துப் படுத்திருந்த என் மாமியார் அதற்குப் பிறகு பட்டாசாலைக் கூடத்தில்தான் படுத்தார். இரண்டு மழைக்காலம் போனதும் சிமெண்டைச் சுற்றியிருந்த பழைய சுண்ணாம்புப் பூச்சு உப்புப் பூத்து, உப்பி, கைவைத்தால் உதிர்ந்தது. தண்ணீர் இறங்கிய இடமோ மேலே ஓட்டுத் தாழ்வாரத்தில் இருந்தது. அதை யாரும் தொடவே இல்லை.

அதன்பின் மற்ற ஜன்னல்களை நானே முன்னின்று பார்க்க ஆரம்பித்தேன். ஐந்து வருடத்தில் 19 ஜன்னல் முடிந்திருக்கிறது. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு ஆசாரி. 67 வயது, அவருடைய அப்பாவும் தாத்தாவும் இந்தப் பக்கத்து வீடுகளில் வேலை பார்த்தவர்கள். அவரிடம் கேட்டதையும் கைப்பட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். செட்டிநாட்டு வீட்டை வைத்துத்தான் சொல்கிறேன். சுண்ணாம்புச் சுவரும் மர ஜன்னலும் உள்ள பழைய வீடு எங்கே இருந்தாலும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் அந்த ஜன்னல் என்ன செய்கிறது என்று பாருங்கள். எங்கள் பக்கத்து ஜன்னலுக்கு நான்கு கதவு. மேலே இரண்டு, கீழே இரண்டு. கீழ்க்கதவைச் சாத்தி மேல்கதவைத் திறந்தால் தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே தெரியாது, காற்று மட்டும் வரும். நான்கையும் திறந்தால் முழு ஜன்னலும் திறப்பு. தரையில் உட்கார்ந்து வேலை செய்த காலத்தில் கட்டியது, அதனால் ஜன்னலின் அடி தாழ்வாக இருக்கும். உட்கார்ந்தவர் முகத்தில் காற்று படும். உள்ளே முற்றம் இருக்கிறது. முற்றத்தில் சூடான காற்று மேலே ஏற, ஜன்னல் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். ஜன்னலில் பாதியை அடைத்தால் வீடு முழுக்க அந்த ஓட்டம் குறையும். கம்பிக்கு மேலே அரைவட்டத்தில் வண்ணக் கண்ணாடி. காலை வெயிலில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பச்சையும் சிவப்புமாக நிழல் விழும். இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால் மாற்றலாம். எதை இழக்கிறோம் என்பதாவது தெரிந்திருக்கும்.

பங்காளிகளிடம் கேளுங்கள்

செட்டிநாட்டு வீடுகள் பெரும்பாலும் ஒருவர் பெயரில் இருக்காது. எங்கள் வீட்டுக்கு 9 புள்ளி, அதாவது பங்குள்ள 9 குடும்பம். உங்கள் அறையின் ஜன்னல் உங்களுடையது, ஆனால் தெருவைப் பார்த்த முகப்பு எல்லோருக்கும் பொது. ஒருவர் தன் அறைக்கு மட்டும் வெள்ளை யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஜன்னல் போட்டுவிட்டால் முகப்பில் ஒரு பல் விழுந்த மாதிரி தெரியும். அடுத்த வருடம் இன்னொருவர் பழுப்பு நிறத்தில் போடுவார். வேலை தொடங்கும் முன் எல்லாப் பங்காளிகளிடமும் பேசி, முகப்பு ஜன்னல் எந்த அளவில், எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நாங்கள் படைப்புக்காக (முன்னோர்களுக்குப் படைக்கும் குடும்ப வழிபாடு) எல்லோரும் ஊருக்கு வந்திருந்தபோது இதை முடித்தோம். சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் மட்டும் வாட்ஸ்அப்பில் சம்மதம் அனுப்பினார். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. அதற்காக யாரும் வந்து நம் ஜன்னலுக்குக் காவல் நிற்கப் போவதில்லை. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர்கள்தான் காவல்.

எண்ணுங்கள், குறியுங்கள், குத்திப் பாருங்கள்

ஒரு நீள நோட்டு வாங்குங்கள். ஒரு ஜன்னலுக்கு ஒரு பக்கம். வீட்டின் படத்தைக் கையால் வரைந்து ஒவ்வொரு ஜன்னலுக்கும் எண் கொடுங்கள். திறந்த நிலையில் ஒரு போட்டோ, மூடிய நிலையில் ஒன்று, வெளியிலிருந்து ஒன்று, கீல், தாழ்ப்பாள், கைப்பிடி அருகில் வைத்து ஒன்று. அகலத்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். மூலைக்கு மூலை குறுக்காகவும் அளங்கள். பழைய சுவர் இத்தனை வருடத்தில் கொஞ்சம் சாய்ந்திருக்கும், சட்டமும் கூடவே சாய்ந்திருக்கும். எங்கள் 14-ஆம் ஜன்னலில் குறுக்களவு இரண்டுக்கும் முக்கால் அங்குல வித்தியாசம். கதவும் அதற்கேற்ற மாதிரி இழைக்கப்பட்டுப் பல வருடமாக நன்றாகத்தான் சாத்துகிறது. புதிதாக நேர்ச்சதுரத்தில் கதவு செய்து கொண்டுவந்திருந்தால் உட்கார்ந்திருக்காது.

முக்கியமான ஒரு அளவை எல்லோரும் விட்டுவிடுவார்கள். சுவரின் வெளிமுகத்திலிருந்து ஜன்னல் சட்டம் எத்தனை அங்குலம் உள்ளே தள்ளி இருக்கிறது? எங்கள் வீட்டில் 7 அங்குலம். தடித்த சுவரில் அந்த 7 அங்குலம் விழவைக்கும் நிழல்தான் முகப்புக்கு ஆழத்தைக் கொடுக்கிறது. புது ஜன்னலைச் சுவரின் விளிம்போடு ஒட்டிப் பொருத்தினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் வீடு தட்டையாகத் தெரியும், மழையும் நேரே சட்டத்தில் அடிக்கும்.

அப்புறம் குத்திப் பார்ப்பது. கூர்மையான மெல்லிய திருப்புளி போதும். அடிச்சட்டத்தின் இரண்டு முனை, கதவின் கீழ்ச்சட்டம், கம்பி மரத்துக்குள் நுழையும் துளை, சட்டம் சுவரைத் தொடும் இடம், இந்த நான்கையும் பாருங்கள். நல்ல தேக்கில் முனை கால் அங்குலம்கூட இறங்காது. மக்கிய இடத்தில் கேக்கில் குத்தியது போலப் போகும். கரையான் தின்ற மரத்தை விரல் மூட்டால் தட்டினால் டொக்கென்று கூடான சத்தம் கேட்கும். பெயிண்ட் மேலே முழுசாகத் தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது.

இப்படிப் பார்த்தபோது எங்கள் 42 ஜன்னலில் முழுசாகப் போனது இரண்டே இரண்டு. 11-இல் கீழ்ப்பாகம் மட்டும் மக்கியிருந்தது. மற்றதெல்லாம் கீலும் எண்ணெயும் பெயிண்டும்தான் கேட்டன. இதைப் பார்க்காமல் ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டால் அவர் 42-க்கும் விலை சொல்வார்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

மரம் தானாக மக்காது. மேலே பாருங்கள். ஓடு நகர்ந்திருக்கும், தகரக் கால்வாய் ஓட்டை விழுந்திருக்கும், வளைவுக்கு மேலே விரிசலில் அரசங்கன்று முளைத்திருக்கும். கீழேயும் பாருங்கள். ஜன்னலின் வெளித்திண்டு வெளிப்பக்கம் சரிய வேண்டும். யாராவது பிற்காலத்தில் சிமெண்ட் பூசி மட்டமாக்கியிருந்தால் தண்ணீர் அங்கேயே நின்று அடிச்சட்டத்துக்குள் ஏறும். இதைச் சரி செய்யாமல் ஜன்னலைத் தொடாதீர்கள். எங்கள் 4 ஜன்னலுக்கு நடந்தது அதுதான்.

சிமெண்ட் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விடும். சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடும். ஈரம் வெளியேற மென்மையான இடத்தைத் தேடும். அது பக்கத்திலுள்ள சுண்ணாம்புப் பூச்சாக இருக்கும், இல்லையென்றால் மரமாக இருக்கும். சட்டத்தைச் சுற்றி எந்த இடைவெளியையும் சிமெண்டால் அடைக்கவே கூடாது. கொத்தனார் "ஒரு சட்டிதான் ஆச்சி" என்பார். ஒரு சட்டியும் வேண்டாம்.

பெயிண்டைச் சுரண்டுவது

எங்கள் முகப்பு ஜன்னல் ஒன்றில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு இடத்தைப் பிளேடால் படிப்படியாகச் சுரண்டிப் பார்த்தேன். மேலே காப்பிப்பொடி நிறம். அதன் கீழே இளநீலம், வெள்ளை, மறுபடி நீலம், இரண்டு அடுக்குப் பச்சை, கடைசியில் மரத்தோடு ஒட்டிக்கொண்டு கருமையான எண்ணெய்ப் படலம். வீடு கட்டியபோது பெயிண்டே அடிக்கவில்லை, எண்ணெய்தான் தேய்த்திருக்கிறார்கள். மாமியாரிடம் கேட்டேன். அந்த இரண்டாவது நீலம் தன் கல்யாணத்துக்கு அடித்தது என்றார். அந்தச் சதுரத்தை அப்படியே விட்டு மேலே மெல்ல வார்னிஷ் தடவி வைத்திருக்கிறோம். நீங்களும் வீட்டில் ஏதாவது ஒரு மறைவான இடத்தில் பழைய அடுக்குகளை அழிக்காமல் விட்டுவையுங்கள். பின்னால் வருகிறவர்களுக்கு அதுதான் ஆதாரம்.

பழைய எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் உலர்ந்த பெயிண்டில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாக்கிச் சுரண்டுங்கள். கீழே தார்ப்பாய் விரியுங்கள், நல்ல முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது. சுரண்டியதை முற்றத்தில் கொட்டிக் கூட்டாமல் பையில் கட்டி ஒதுக்குங்கள். தீ ஊதும் விளக்கு வைத்து எரிப்பது இன்னும் மோசம். புகையில் ஈயம் வரும், நூறு வருட மரம் நிமிடத்தில் கருகும். காஸ்டிக் சோடாத் தொட்டியில் கதவை முக்கியெடுத்தால் சீக்கிரம் முடியும் என்று சிலர் சொல்வார்கள். தேக்கு கறுத்துப்போகும், மூட்டுகளுக்குள் காரம் புகுந்து பின்னால் அடிக்கும் பெயிண்டைத் தள்ளும். செய்ய விடாதீர்கள்.

ஒட்டுப் போடுவது

இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

23-ஆம் ஜன்னலின் இடப்பக்கக் கீழ்க்கதவு. நிற்கும் சட்டத்தின் அடி 4 அங்குலம் மக்கிப் போயிருந்தது, கீழ்க் குறுக்குச் சட்டத்தின் நாக்கும் (மூட்டுக்குள் நுழையும் முனை) போயிருந்தது. ஆசாரி கதவைத் திண்ணையில் படுக்கவைத்தார். கீலின் திருகாணிகளைக் கழற்றி ஒரு கொட்டாங்கச்சியில் போட்டு அதன் மேல் 23 என்று சாக்பீஸில் எழுதினார். பிறகு கதவின் மேல் விளிம்பைத் துணியால் துடைத்துவிட்டு "இங்கே பாருங்க ஆச்சி" என்றார். உளியால் செதுக்கிய ஒரு ௩. சட்டத்தின் மேற்புறத்திலும் அதே ௩. எந்தக் கதவு எந்தச் சட்டத்துக்கு என்று அன்றைக்குச் செய்தவர் போட்ட குறி. எங்கள் நோட்டில் 23, அவருடைய கணக்கில் மூன்று. அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மூட்டில் ஆணி கிடையாது. மூங்கிலில் செதுக்கிய ஆப்புதான், முளை என்பார்கள். பின்பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய கம்பி வைத்துக் கொட்டாப்புளியால் மூன்று தட்டு. நூறு வருட மூங்கில் முளை சுருட்டுத் துண்டு மாதிரி வெளியே வந்து விழுந்தது. இரண்டு மூட்டைத் தளர்த்தியதும் கதவு சட்டம் சட்டமாக, பலகை பலகையாகப் பிரிந்துவிட்டது. இந்த ஜன்னல்கள் கழற்றிச் சரிசெய்யவே செய்யப்பட்டவை. ஒரு துண்டு போனால் அந்தத் துண்டை மாற்றலாம். அலுமினியத்திலும் யுபிவிசியிலும் ரப்பர் போனாலோ உருளை தேய்ந்தாலோ அதே கம்பெனியின் அதே மாடல் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் முழு ஜன்னலும் குப்பைக்கு.

மக்கிய பாகத்தை நேராக வெட்டவில்லை. நல்ல மரம் தொடங்கும் இடத்திலிருந்து இன்னும் ஒரு அங்குலம் மேலே போய், அங்கிருந்து சரிவாக வெட்டினார். சட்டத்தின் அகலத்தைப் போல மூன்று மடங்கு நீளத்துக்கு அந்தச் சரிவு. நீளச் சரிவில் ஒட்டும் பரப்பு அதிகம், பிடிமானம் அதிகம். சரிவு எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதும் கணக்கு. மேல்துண்டு கீழ்த்துண்டை வெளிப்பக்கம் மூடியிருக்க வேண்டும். ஓடு வேய்வது போல. அப்போதுதான் மழைத்தண்ணீர் மூட்டுக்குள் போகாமல் வழிந்து ஓடும்.

புதுத் துண்டுக்குப் பழைய தேக்கு. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். இப்போது தோட்டத்தில் சீக்கிரம் வளர்த்து வெட்டும் தேக்கில் வளையங்கள் அகன்று இருக்கும், எண்ணெய் குறைவு, வெள்ளைப் பாகம் அதிகம். பக்கத்தில் வைத்தால் உங்களுக்கே தெரியும். பழைய மரத்தில் ஒரு அங்குலத்துக்குள் கோடுகள் நெருக்கமாக ஓடும், இழைத்தால் தோல் வாசனை மாதிரி ஒன்று கிளம்பும். எங்களுக்கு உடைந்த ஒரு பரணின் சட்டங்கள் கைவசம் இருந்தன. இல்லாதவர்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் தேடலாம். பழைய கதவு, ஜன்னல், தூண் எல்லாம் அங்கே கிடைக்கும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முழு ஜன்னலை வாங்கித் துண்டு போடாதீர்கள். உடைந்த உத்தரம், தனிச் சட்டம் என்று கேளுங்கள். முழுசாக இருக்கும் ஜன்னல் ஏதோ ஒரு வீட்டிலிருந்து வந்தது. அந்தத் தெருவில் நடக்கும்போதெல்லாம் எங்கள் நான்கும் எந்தக் கடைக்கு முன்னால் சாய்ந்து நின்றனவோ என்று என் கண் தேடுகிறது.

புதுத் துண்டின் ரேகை பழைய சட்டத்தின் ரேகையோடு ஒரே திசையில் ஓட வேண்டும். பசை தடவி, கயிறு சுற்றி, கயிற்றுக்குள் ஒரு குச்சியைச் செருகி முறுக்கி இறுக்கினார். மறுநாள் இரண்டு புது மூங்கில் முளை. முளையைச் செதுக்கி வாணலியில் மணலோடு லேசாக வறுத்தார். ஈரம் போய்விட்டால் பிறகு சுருங்கித் தளராது. கடைசியாக ஒட்டின் உள்பக்கம் பென்சிலால் வருடத்தை எழுதச் சொன்னேன். எழுதினார். எது பழையது, எது நாம் போட்டது என்று பின்னால் பார்க்கிறவருக்குக் குழப்பம் இருக்கக் கூடாது.

இந்த ஒரு கதவுக்கு மூன்று நாள் ஆனது. நான்கு கதவும் சட்டமும் சேர்ந்து மோசமாக இருந்த ஜன்னலுக்கு ஆசாரியும் அவர் மகனும் எட்டு நாள் வேலை செய்தார்கள். செலவு கூலியில்தான் போகிறது, மரத்துக்குக் கொஞ்சம்தான். அந்தக் கூலி ஊருக்குள்ளேயே இருக்கிறது, அந்த மகனும் இப்போது தனியாக ஒட்டுப் போடுகிறான்.

சின்ன ஓட்டைகளுக்கு எபாக்ஸி மக்கு (ஓட்டை அடைக்கும் பசைக்கலவை) பரவாயில்லை. பெரிய மக்கலை அதால் நிரப்பினால் மரம் சுருங்கி விரியும்போது அது அசையாது. ஓரத்தில் விரிசல் விட்டு, தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும்.

கம்பி, கண்ணாடி, காரை

கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் துளையைச் சுற்றி மரம் பிளக்கும். எங்கள் ஜன்னலில் மேல்துளை ஆழமாக இருக்கிறது. கம்பியை மேலே தூக்கினால் கீழ்முனை வெளியே வந்துவிடும். உங்கள் ஜன்னலில் எப்படி என்று முதலில் பாருங்கள், வராத கம்பியை நெம்பாதீர்கள். வெளியே எடுத்தால் கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு இரண்டு கை அடித்து, காய்ந்த பிறகு திரும்ப வையுங்கள். பூவேலை செய்த வார்ப்பிரும்புக் கம்பி உடைந்திருந்தால் சாதாரண வெல்டிங் பட்டறையில் கொடுக்காதீர்கள். வார்ப்பிரும்பு அதே சூட்டில் விரிசல் விடும். தெரிந்தவரிடம்தான் போக வேண்டும்.

கண்ணாடியைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். பழைய கண்ணாடியில் லேசான அலை இருக்கும். அதன் வழியாக வேப்பமரத்தைப் பார்த்தால் கிளைகள் தண்ணீரில் ஆடுவது போலத் தெரியும். புதுக் கண்ணாடியில் அது வராது. சுற்றியிருக்கும் கெட்டியான மக்கை உளியால் உடைத்தால் கண்ணாடியும் சேர்ந்து போகும். ஆளிவிதை எண்ணெயைத் தடவி ஊறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுங்கள். திரும்பப் பதிக்கச் சாக்பொடியும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்த மக்கே போதும். சிலிக்கான் வேண்டாம், அடுத்த முறை கழற்ற முடியாது. ஒரு வண்ணக் கண்ணாடி உடைந்துவிட்டால் அதே நிறம் கிடைப்பது கஷ்டம். நாங்கள் பின்கட்டு ஜன்னலிலிருந்து ஒரு பச்சையை எடுத்து முகப்பில் வைத்து, பின்கட்டில் புதியதைப் போட்டோம்.

சட்டத்தைச் சுற்றி இடைவெளியை அடைக்கச் சுண்ணாம்புக் காரை. நன்றாக நீற்றி ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு, ஊறிப் புளித்த கடுக்காயும் கருப்பட்டியும் கலந்த தண்ணீர். ஒரே தடவையில் திணிக்காமல் அரை அங்குலம் அரை அங்குலமாக வையுங்கள். ஈரச்சாக்கு போர்த்தி ஒரு வாரமாவது காயவிடுங்கள். சித்திரை வெயிலில் சாக்கு இல்லாமல் விட்டால் மறுநாளே வெடித்திருக்கும். சுவருக்குள் போகும் மரப்பாகத்துக்கு முந்திரித்தோட்டு எண்ணெய் இரண்டு கை. கரையான் கிட்ட வராது. தோலில் பட்டால் பொத்துப் புண்ணாகும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

கொசுவும் ஏசியும்

உண்மையைச் சொன்னால் நம் ஊரில் பாதிப் பேர் ஜன்னலை மாற்றுவது கொசுவுக்காகத்தான். அதற்கு ஜன்னலையே எடுக்க வேண்டியதில்லை. பழைய கதவுகள் வெளிப்பக்கம் திறப்பவை. கம்பிக்கு உள்பக்கம் இடம் சும்மாத்தான் இருக்கிறது. அங்கே மெல்லிய தேக்குச் சட்டத்தில் வலை அடித்து, திருப்பினால் பிடித்துக்கொள்ளும் நான்கு சின்னப் பித்தளைத் துண்டுகளால் நிறுத்துங்கள். திறந்து கழுவலாம், வெளியிலிருந்து தெரியாது, வேண்டாம் என்றால் ஒரு தழும்பும் இல்லாமல் எடுத்துவிடலாம். வலை கருப்பு நிறத்தில் இருக்கட்டும். வெள்ளை வலை வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும்.

ஏசிக் குளிர் வெளியே போகிறது என்றால் கதவும் சட்டமும் சேரும் காடியில் மெல்லிய ரப்பர் பட்டை ஒட்டினாலே பெருமளவு நிற்கும். இரைச்சலோ தூசியோ தாங்கவில்லை என்றால் உள்பக்கம் வலைக்குப் பதிலாகக் கண்ணாடி வைத்த இரண்டாவது சட்டம். பழைய ஜன்னல் இருந்தபடியே இருக்கும். ஏசிக் குழாய்க்காக வண்ணக் கண்ணாடியை எடுத்துத் துளை போட்ட வீட்டைப் பார்த்திருக்கிறேன். குழாயைச் சுவரில் காரை பெயர்ந்த இடமாகப் பார்த்துக் கொண்டுபோகலாம்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால்

முழுசாகப் போன இரண்டை நாங்களும் புதிதாகத்தான் செய்தோம். அப்போது ஒரு நல்ல பழைய ஜன்னலை மாதிரியாகத் திண்ணையிலேயே நிறுத்தி வைத்தோம். ஆசாரி பிளைவுட் பலகையில் முழு அளவில் வரைந்தார். சட்டத்தின் தடிமன், கதவுச் சட்டத்தின் அகலம், பலகையின் ஓரத்தில் ஓடும் வளைவு என எல்லாம் பழையதை அட்டையில் பதித்து வெட்டி எடுத்தது. இதில் ஒரு நூல் கூடினாலும் கண்ணில் படும். பழைய கதவுச் சட்டம் இரண்டரை அங்குல அகலம்தான். யுபிவிசியில் சட்டமும் கதவும் சேர்ந்து அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வரும். நான்கு கதவுக்கு அந்தத் தடிமனைப் போட்டால் திறப்பே சுருங்கிவிடும். மரம் மாதிரி படம் ஒட்டிய யுபிவிசி தூரத்திலிருந்து ஏமாற்றலாம், அந்த அகலம் ஏமாற்றாது.

வளைவை ஒருபோதும் சதுரமாக்காதீர்கள். கதவின் எண்ணிக்கை, திறக்கும் திசை, சுவருக்குள் தள்ளிய ஆழம், கம்பிகளுக்கிடையே உள்ள தூரம் இவை நான்கும் மாறக் கூடாது. பணம் குறைவாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாத பின்கட்டில் வேறு மரம் போடுங்கள், வடிவத்தை விடாதீர்கள். பழைய கீல், கொக்கி, தாழ்ப்பாள் எல்லாவற்றையும் புதியதில் திரும்பப் பயன்படுத்துங்கள். பித்தளையைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாலே போதும். எடுத்த பழைய ஜன்னலை விற்காதீர்கள். அதிலிருக்கும் நல்ல மரம்தான் அடுத்த ஜன்னலுக்கு ஒட்டு.

வேலைக்குத் தையிலிருந்து வைகாசி வரை நல்ல காலம். ஐப்பசி கார்த்திகையில் மரம் மழையீரத்தில் ஊதிக் கதவு இறுகும். அப்போது இறுகுகிறதே என்று இழைக்கச் சொல்லாதீர்கள். பங்குனியில் விரல் நுழையும் இடைவெளி இருக்கும். தீபாவளி கழிந்து மழை விட்ட வாரத்தில் நான் நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வருவேன். கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய், திண்டில் நிற்கும் சருகைத் தள்ளுவது, திருப்புளியால் அடிச்சட்டத்தில் ஒரு குத்து. 46 ஜன்னலுக்கும் ஒரு காலைப்பொழுதுதான் ஆகிறது. எண்ணெய் பூசிய ஜன்னலுக்கு இரண்டு வருடத்துக்கொரு முறை ஆளிவிதை எண்ணெயில் கொஞ்சம் டர்பன்டைன் கலந்து துணியால் ஒரு தேய்ப்பு. தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய்த் துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயப் போடுங்கள்.

இரண்டாம் கட்டில் அந்த 4 அலுமினிய ஜன்னலில் ஒன்றைப் போன வருடம் எடுத்துவிட்டோம். வளைவில் அடைத்த செங்கலைத் தட்டியபோது உள்ளே பழைய வளைவு அப்படியே இருந்தது, சுண்ணாம்பின் மெருகுகூடப் போகவில்லை. மற்ற மூன்றுக்கும் மரம் சேர்ந்துவிட்டது. தை பிறந்ததும் வருகிறேன் என்று ஆசாரி சொல்லியிருக்கிறார்.